தாதா எம்.எல்.ஏ. ஆன கதையை ஆவணங்களை வைத்து எழுதுவது எப்படி

ஒரு நீளத் தாளை எடுத்து நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் வழக்குகள், வலப்பக்கம் தேர்தல்கள், ஓரத்தில் ஆண்டுகள். எழுத வேண்டிய கதை பெரும்பாலும் இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

உத்தரப் பிரதேசத்தில் அலகாபாத்தின் அத்திக் அகமதுவை இதில் ஏற்றிப் பாருங்கள். வலப்பக்கத்தில் 1989, 1991, 1993, 1996, 2002 என அலகாபாத் மேற்கு தொகுதியில் ஐந்து வெற்றிகள்; 2004-ல் புல்பூர் எம்.பி. இடப்பக்கத்தில் கொலை, கடத்தல், மிரட்டல் என வழக்குகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஆனால் ‘தண்டனை’ என்ற சொல் முதன்முதலில் விழுவது 2023 மார்ச் 28 அன்றுதான். முதல் வெற்றிக்கும் முதல் தண்டனைக்கும் இடையே 34 ஆண்டுகள். அடுத்த பதினெட்டாம் நாள் போலீஸ் காவலில் இருக்கும்போதே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாநிலத்தின் முக்தார் அன்சாரி 1996 தொடங்கி மவூ தொகுதியில் ஐந்து முறை எம்.எல்.ஏ.; அம்மாநிலத்தில் முதல் தண்டனை 2022 செப்டம்பரில். இடைவெளி 26 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். எத்தனை பேரை வெட்டினார், எந்த வண்டியில் வந்தார் என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், எழுதியும் குவித்திருக்கிறார்கள். சாட்சி எப்போது மாறினார், அரசு வழக்கறிஞர் எப்போது மாறினார், உயர் நீதிமன்றத் தடை எத்தனை ஆண்டு நின்றது என்பவற்றை எழுத ஆவணம் வேண்டும். அந்த ஆவணங்களை எடுக்கும் முறையும் வாசிக்கும் முறையும் கீழே.

பிரமாணப் பத்திரத்தில் தொடங்குங்கள்

வேட்புமனுவோடு தாக்கலாகும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம்தான் அடித்தளம். ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் (ஏ.டி.ஆர்.) தொடுத்த வழக்கில் 2002 மே 2 அன்றும், தொடர்ந்து 2003 மார்ச் 13 அன்றும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளால் வந்தது இது. அதற்கு முந்தைய தேர்தல்களுக்கு இப்படி ஓர் ஆவணம் கிடையாது. 1996-ல் போட்டியிட்டவரின் வழக்குகளை இதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கே செய்தித்தாளும் நீதிமன்றக் கட்டும்தான் கதி.

தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் ஏ.டி.ஆரின் மைநேதா தளத்திலும் இந்தப் பத்திரங்கள் இருக்கின்றன. மைநேதாவின் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். மூலத்தின் நகலை இறக்கி, கையெழுத்து உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். ஒரே வேட்பாளரின் எல்லாத் தேர்தல் பத்திரங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐந்தாம் பத்தியில் நிலுவை வழக்குகள்: காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், நீதிமன்றம், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு வனையப்பட்டதா (நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்ததா), எந்தத் தேதியில். ஆறாம் பத்தியில் தண்டனைகள். ஏழும் எட்டும் சொத்து, கடன்.

இங்கே பலரும் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, எண்ணிக்கை திடீரெனக் கூடுவது. உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 25 தீர்ப்பைத் தொடர்ந்து படிவம் திருத்தப்பட்டது. அதற்கு முன் குற்றச்சாட்டு வனையப்பட்ட வழக்குகளையும் நீதிமன்றம் கோப்பில் ஏற்றுக்கொண்ட வழக்குகளையும்தான் கேட்டார்கள்; பிறகு நிலுவையில் உள்ள எல்லாவற்றையும், முதல் தகவல் அறிக்கை நிலையில் இருப்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். 2016-ல் நான்கு வழக்கு, 2021-ல் பதினொன்று என்று இருந்தால் அவர் ஐந்தாண்டில் ஏழு குற்றம் செய்தார் என்று பொருளில்லை. ஒவ்வொரு வழக்கின் ஆண்டையும் பார்த்த பிறகே வாக்கியத்தை எழுதுங்கள்.

இரண்டாவது, வழக்கு காணாமல் போவது. முந்தைய பத்திரத்தில் இருந்த கொலை வழக்கு அடுத்ததில் இல்லையென்றால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: விடுதலை, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அரசே வழக்கைத் திரும்பப் பெற்றது, அல்லது மறைப்பு. விடுதலையான வழக்கைப் படிவம் கேட்பதே இல்லை. ஆகவே ‘மறைத்துவிட்டார்’ என்று எழுதும் முன் முதல் மூன்றையும் சரிபார்த்தாக வேண்டும். உண்மையிலேயே மறைத்திருந்தால் அது பெரிய செய்தி. மேட்டுப்பாளையம் வட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தேர்தல் வழக்கில், வழக்குகளை மறைத்தது வாக்காளர் மீதான தகாத செல்வாக்கு என்று உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பளித்து, அந்த வெற்றி செல்லாது என்றதை நிலைநிறுத்தியது. ஓர் ஊராட்சித் தேர்தலில் எழுந்த கேள்வி நாடு முழுமைக்குமான சட்டமானது இப்படித்தான்.

மூன்றாவது, எல்லா வழக்கையும் ஒரே தட்டில் வைப்பது. 2024 மக்களவையில் 543 பேரில் 251 பேர் மீது வழக்குகள் இருப்பதாக அவர்களே அறிவித்திருந்தார்கள். 2009-ல் அது 162. ஆனால் 251-ல் தீவிரக் குற்றம் என ஏ.டி.ஆர். வகைப்படுத்தியது 170 பேரை. சாலை மறியல், தடையை மீறி ஊர்வலம் போன்றவை இந்தியாவில் எந்தக் கட்சிக்காரருக்கும் இருக்கும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் மட்டுமே உள்ள வழக்கைப் பெரும்பாலும் போராட்ட வழக்காக வைத்துக்கொண்டு தனியே ஒதுக்குங்கள். உங்கள் தாளின் இடப்பக்கத்துக்கு வேண்டியவை கொலை (302), கொலை முயற்சி (307), பணத்துக்காகக் கடத்தல் (364ஏ), மிரட்டிப் பணம் பறித்தல் (384 முதல் 387 வரை), கூட்டுக்கொள்ளை (395), சதி (120பி) ஆகியவை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலை 103, கொலை முயற்சி 109, பணம் பறித்தல் 308, கூட்டுக்கொள்ளை 310, சதி 61. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்தான் தொடரும். ஒரே கட்டுரையில் இரண்டு வகை எண்களும் வரும். வாசகருக்குக் குற்றத்தின் பெயரைத் தமிழில் சொல்லிவிட்டால் குழப்பமில்லை.

ஒரு வழக்கு, நான்கு எண்கள்

தமிழ்நாட்டில் ஒரு கொலை வழக்கு காவல் நிலையத்தில் ‘குற்ற எண்’ணாகப் பிறக்கிறது. குற்றப்பத்திரிகை போனதும் குற்றவியல் நடுவர் மன்றத்தில் பி.ஆர்.சி. (முதற்கட்டப் பதிவு வழக்கு) எண். அங்கிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைத்ததும் எஸ்.சி. (அமர்வு வழக்கு) எண். ஆள் எம்.எல்.ஏ. ஆகிவிட்டால், மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறி இன்னோர் எண். உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் ஒப்புதல் தந்து, 2018-ல் நாட்டில் முதலில் 12 சிறப்பு நீதிமன்றங்கள் வந்தன, சென்னையிலும் ஒன்று. இந்தப் பயணம் தெரியாதவர்கள் ஒரே கொலையை நான்காக எண்ணிவிடுகிறார்கள். மாறாத ஒன்று குற்ற எண், ஆண்டு, காவல் நிலையம் என்ற மூன்றும் சேர்ந்த முகவரி. உங்கள் தாளில் ஒவ்வொரு வழக்கின் தலைப்பும் அதுவாகவே இருக்கட்டும். மற்ற எண்களை அதன் கீழே தொங்கவிடுங்கள்.

நீதிமன்ற வழக்குகளுக்கான இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடும்போது பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாகத் தட்டியிருப்பார்கள். பட்டப்பெயர் ‘என்கிற’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தகவல் அறிக்கை எண்ணைக் கொண்டு தேடும் வசதியில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், ஆண்டு கொடுத்து, நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் பாருங்கள். கிடைத்ததும் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் வாய்தா வரலாறு பொன் போன்றது. எத்தனை முறை ஒத்திவைத்தார்கள், எந்தத் தேதியில் எதற்காக என்று அதில் இருக்கும். அந்தத் தேதிகளைத் தாளில் ஏற்றினால், சட்டமன்றக் கூட்டத்தொடரையும் பிரச்சாரத்தையும் காரணம் காட்டி வழக்கு எப்படி நகராமல் நின்றது என்பது கண்ணெதிரே தெரியும்.

அதே பெயரில் இன்னோர் ஆள் இருக்கக்கூடும். தகப்பனார் பெயர், வயது, கதவிலக்கம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் எந்த வழக்கையும் ஒருவர் தலையில் ஏற்றக் கூடாது.

இணையத்தில் வராத பழைய வழக்குகளுக்கு நகல் மனுதான் வழி. வழக்கில் சம்பந்தப்படாத நீங்கள் மூன்றாம் நபர் என்ற முறையில், எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தோடு மனுப் போட வேண்டும். தீர்ப்பை முதலில் கேளுங்கள். சாட்சியக் கட்டுகளுக்கு வைத்திருப்புக் காலம் உண்டு. அது முடிந்தால் அழித்துவிடுவார்கள். முதல் தகவல் அறிக்கைகளை, வெளியிடத் தகாத உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2016 செப்டம்பர் 7 தீர்ப்பு சொல்கிறது. குற்றப்பத்திரிகைக்கு அந்த விதி இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. அதை வழக்கறிஞர்கள் வழியாகத்தான் பார்க்க முடியும்.

விடுதலைத் தீர்ப்பைப் படிக்கும் முறை

தண்டனைத் தீர்ப்பைவிட விடுதலைத் தீர்ப்பில்தான் கதை அதிகம். கடைசிப் பத்தியை விட்டுவிட்டு, பின்னிணைப்பாக வரும் சாட்சிகள் பட்டியலுக்குப் போங்கள். அரசு தரப்பு சாட்சி எத்தனை பேர், அதில் பிறழ் சாட்சி (முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர்) எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நேரில் கண்டவர்கள் அனைவரும் பிறழ்ந்து, மருத்துவரும் புலனாய்வு அதிகாரியும் மட்டும் மிஞ்சியிருந்தால், நீதிபதிக்கு விடுவிப்பதைத் தவிர வழி இருந்திருக்காது. பிறகு அவர்கள் சாட்சி சொன்ன தேதியைத் தாளின் வலப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அப்போது அவர் பதவியில் இருந்தாரா, ஆளும் கட்சியிலா?

பா.ஜ.க. எம்.எல்.ஏ. கிருஷ்ணானந்த் ராய் 2005 நவம்பர் 29 அன்று காஜிப்பூர் மாவட்டத்தில் கொல்லப்பட்டபோது முக்தார் அன்சாரி சிறையில் இருந்தார். சதிக் குற்றச்சாட்டு. 2019 ஜூலையில் டெல்லி சி.பி.ஐ. நீதிமன்றம் விடுவித்தது, சாட்சிகள் பிறழ்ந்திருந்தார்கள். பிகாரின் சிவானில் 2004-ல் இரு சகோதரர்கள் அமிலம் ஊற்றிக் கொல்லப்பட்ட வழக்கில், கண்ணால் கண்ட சாட்சியான மூன்றாவது சகோதரர் 2014 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1996 முதல் 2009 வரை அந்தத் தொகுதியின் எம்.பி.யாக இருந்த முகமது சகாபுதீனுக்கு அதில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 2015 டிசம்பரில். சாட்சிகள் ஏன் மாறுகிறார்கள் என்று தனியே விளக்கவே தேவையில்லை. இந்தத் தேதிகளை வரிசையாக எழுதினால் போதும்.

தீர்ப்பின் சொற்களைக் கவனியுங்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். ‘நிரபராதி என்று நிரூபணமானது’ என மாற்றுவதும் தவறு, ‘தப்பித்துவிட்டார்’ என மாற்றுவதும் தவறு. விடுதலைக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்ததா என்பது அடுத்த கேள்வி. வழக்கை அரசே திரும்பப் பெற்றிருந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321 (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360) பிரிவின் கீழ் போட்ட மனுவும் நீதிமன்றத்தின் அனுமதி உத்தரவும் இருக்கும். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதியில்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்ற தடை 2021 ஆகஸ்ட் 10 அன்றுதான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆட்சி மாறிய மாதங்களைக் கட்டாயம் துருவுங்கள்.

சிறை, தகுதியிழப்பு: சட்டத்தைச் சரியாக எழுதுங்கள்

சிறையில் இருந்தபடி போட்டியிடலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. தடுப்புக்காவலில் இருப்பவர் மட்டும் வாக்களிக்கலாம். காவலில் இருப்பவர் போட்டியிட முடியாது என்று 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதை அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து மாற்றிவிட்டது. கோரக்பூர் பகுதியின் ஹரிசங்கர் திவாரி 1985-ல் சில்லுபார் தொகுதியில் சிறையிலிருந்தே வென்றார். முக்தார் அன்சாரி 2007, 2012, 2017 மூன்றிலும் அப்படியே.

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால், தண்டனை நாளிலிருந்தே பதவி போகும். விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் போட்டியிட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3). மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என்ற 8(4) உட்பிரிவு 2013 ஜூலை 10 வரை இருந்தது. லில்லி தாமஸ் வழக்கில் அது அடிபட்டது. இந்தத் தேதியை மறந்தால் வரலாறே பிசகும். 2007-ல் ஒரு கடத்தல் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற சகாபுதீன் எம்.பி.யாகத் தொடர்ந்ததும், 2009-ல் மீண்டும் போட்டியிட முடியாமல் போனதும், 8(4) பதவியில் இருப்பவரை மட்டும் காத்து, புதிதாகப் போட்டியிடுபவரைக் காக்காததால்தான். அந்த ஆண்டு அவருடைய மனைவி நின்று தோற்றார். தகுதியிழந்தவரின் இடத்தில் மனைவியோ தம்பியோ மகனோ நிற்பது வழக்கம் என்பதால் தாளின் வலப்பக்கத்தில் குடும்பத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

தண்டனையை நிறுத்திவைப்பதும், குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைப்பதும் வேறு வேறு. முதலாவது ஜாமீன் தரும், பதவியைத் தராது. முக்தாரின் அண்ணன் அப்சல் அன்சாரி 2023 ஏப்ரல் 29 அன்று நான்கு ஆண்டு தண்டனை பெற்று எம்.பி. பதவியை இழந்தார், அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை நிறுத்திவைத்ததால் பதவி திரும்பியது, 2024-ல் காஜிப்பூரில் மீண்டும் வென்றார்.

தமிழ்நாட்டில் ‘குண்டாஸ்’ என்று சொல்லப்படும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம் தடுப்புக்காவல் மட்டுமே. அதிகபட்சம் 12 மாதம். தண்டனை அல்ல, படிவம் 26-லும் வராது. காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேடும் (ஹிஸ்டரி ஷீட்) அப்படியே. இவற்றை எழுதலாம், ஆனால் குற்றம் நிரூபணமானதாகக் காட்டக் கூடாது.

நிலம், வாக்கு, கட்சி

கட்டப்பஞ்சாயத்தில் வந்த பணம் நிலமாகத்தான் படியும். பிரமாணப் பத்திரத்தில் தனக்கும் மனைவிக்கும் சார்ந்திருப்போருக்கும் உள்ள சொத்தைத்தான் சொல்வார்கள். தனியே சம்பாதிக்கும் மகன், தம்பி, மைத்துனர் பெயரில் உள்ளது வராது. காட்டிய புல எண்களுக்கு அக்கம்பக்கத்து எண்களையும் சேர்த்துப் பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பொது அதிகார ஆவணம் மூலம் அடுத்தடுத்துக் கைமாறியது, ஒரே வாரத்தில் ஒரே தெருக்காரர்கள் வரிசையாக விற்றது ஆகியவை நின்று பார்க்க வேண்டிய இடங்கள். விற்றவர்களைத் தேடிப் போய்க் கேட்டால்தான் அது மிரட்டலா நல்ல விலையா என்று தெரியும். ஆவணம் மட்டும் அதைச் சொல்லாது.

மக்கள் ஏன் வாக்களித்தார்கள் என்பதற்குப் ‘பயம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. படிவம் 20-ல் வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் கிடைக்கும். அவருடைய சொந்தத் தெருவிலும், அவரால் பாதிக்கப்பட்டவர்களின் பகுதியிலும், அவர் சாதியினர் அடர்ந்த சாவடிகளிலும் என்ன விழுந்தது என்று பிரித்துப் பாருங்கள். மின்னணு இயந்திரம் எல்லா இடத்துக்கும் வந்தது 2004 மக்களவைத் தேர்தலில். அதற்கு முன் சாவடிக் கணக்கு எல்லா இடத்துக்கும் கிடைக்காது. அரசு அலுவலகத்தில் நகராத மனுவை இவர் ஒரு தொலைபேசியில் நகர்த்தினார் என்று மக்கள் சொன்னால் அதையும் எழுதுங்கள். அதை விட்டால் அவர் ஐந்து முறை வென்றது வாசகருக்குப் புரியாது.

கட்சியின் பங்கையும் அதன் சொற்களிலேயே பதிவு செய்யலாம். உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரி 13 தீர்ப்புக்குப் பின், குற்றப் பின்னணி உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம், வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி சி-7 படிவத்தில் வெளியிட வேண்டும். வெற்றிவாய்ப்பு என்பது மட்டும் காரணமாகாது. அந்தக் காரணத்தைச் சுருக்காமல் முழுதாகத் தாருங்கள். வேட்பாளர் மூன்று முறை செய்தித்தாளில் தரும் சி-1 விளம்பரத்தைப் பழைய இதழ்க் கட்டில் தேடி எடுத்துப் பிரமாணப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு எத்தனை பக்கம்

பெரும்பாலான பிரதிகள் இங்கேதான் தோற்கின்றன. 1994 டிசம்பர் 5 அன்று கோபால்கஞ்ச் மாவட்ட ஆட்சியர் ஜி.கிருஷ்ணய்யா கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அதில் குற்றம் சாட்டப்பட்ட ஆனந்த் மோகன் சிங் 1996, 1998 இரண்டிலும் சிவ்ஹர் எம்.பி. ஆனார், 2007-ல் தூக்கு, 2008-ல் அது ஆயுளானது, 2023 ஏப்ரலில் பிகார் அரசு சிறை விதியைத் திருத்திய பின் வெளியே வந்தார். இதை எழுதும்போது தலித் குடும்பத்தில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆன அந்த அதிகாரி யார், அவர் குடும்பம் எந்தெந்த ஆண்டில் எந்த நீதிமன்றத்தை நாடியது என்பதற்கும் இணையான இடம் வேண்டும். பூலான் தேவியின் வாழ்க்கையில் அவர் மீது நடந்த கொடுமையும் உண்டு, 1981 பிப்ரவரி 14 அன்று பெக்மாயில் 20 பேர் கொல்லப்பட்டதும் உண்டு. 1996-ல் அவர் மிர்சாபூர் எம்.பி. ஆனார், 2001-ல் டெல்லியில் சுட்டுக் கொல்லப்பட்டார், பெக்மாய் வழக்கில் விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2024-ல். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிற பிரதி பொய்ப் பிரதி.

சாட்சிகளையும் குடும்பத்தாரையும் அவர்கள் ஊருக்குள் போய்ச் சந்திக்காதீர்கள். வெளியூரில், அவர்கள் சொல்லும் இடத்தில் பாருங்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் சாட்சியின் பெயரும் தொழிலும் தெருவும் பிரதியில் வரவே கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

அச்சுக்கு முன்

ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வேலைக்கே அரண்: நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை, சம்பந்தப்பட்டவரின் அனுமதி இல்லாமலேயே வெளியிடலாம்; வெளியாகும் முன்பே அரசோ அதிகாரிகளோ தடுக்க முடியாது. ஆவணத்தைத் தாண்டிப் போகும் இடத்தில்தான் அவதூறு வழக்கு காத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் ஆவண எண் எழுதுங்கள். எண் எழுத முடியாத வாக்கியத்தில் ‘கொலை செய்தார்’ என்பது ‘கொலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார்’ ஆக வேண்டும், அல்லது வாக்கியமே போக வேண்டும்.

ஒவ்வொரு வழக்கின் நிலையையும் எந்தத் தேதி நிலவரம் என்று குறியுங்கள். பிகாரின் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. அஜித் சர்க்கார் கொலை வழக்கில் பப்பு யாதவுக்கு 2008-ல் ஆயுள் தண்டனை. 2013-ல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2014-ல் மாதேபுராவிலும் 2024-ல் பூர்ணியாவிலும் அவர் எம்.பி. 2010-ல் சரியாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையைத் தேதி இல்லாமல் 2015-ல் மறுபதிப்புப் போட்டிருந்தால் அது அவதூறாகியிருக்கும். பக்கங்கள் அச்சகத்துக்குப் போகும் நாளின் காலையில் எல்லா சி.என்.ஆர். எண்களையும் இன்னொரு முறை தட்டிப் பாருங்கள்.